பீர்பால் எண்ணிய காக்காவும் நாம் எண்ணும் நாரையும்!

அக்பருக்கு ஒருநாள் பொழுது போகவில்லை. பீர்பாலைக் கூப்பிட்டார். "நம்ம ஊர்ல மொத்தம் எத்தனை காக்கா இருக்கு?" என்றார். பீர்பால் கண்ணைக்கூட இமைக்கவில்லை. படக்கென்று ஒரு நம்பரைச் சொன்னார். ஒன்று, பத்து, நூறு வரைக்கும் சுத்தமாகச் சொன்னார்.

"எண்ணிப் பார்த்து அதிகமா இருந்தா?"

"வெளியூர்க் காக்கா விருந்துக்கு வந்திருக்கும், ஹுஸூர்!"

"கம்மியா இருந்தா?"

"நம்மூர்க் காக்கா மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும், ஹுஸூர்!"

நம் பக்கத்தில் இதே கதையைத் தெனாலிராமன் தலையில் கட்டிச் சொல்பவர்களும் உண்டு. யார் சொன்னால் என்ன? கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், கதை முடிந்தது. ஆனால், அக்பர் கேட்ட கேள்வி மட்டும் முடியவில்லை. பறந்துகொண்டே இருக்கிற ஒரு பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது? 'இங்கே 40,000 பறவைகள் வந்துள்ளன' என்று பேப்பரில் போடுகிறார்களே, அவற்றை வரிசையில் நிற்கவைத்து டோக்கன் கொடுத்தது யார்?

சிரிப்பதற்கு மட்டும் அல்ல, சீரியஸாகவே இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தோளில் பைனாகுலர், கையில் நோட்டு, தலையில் குல்லாய் சகிதம் விடியற்காலையிலேயே ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பீர்பாலின் துணிச்சல் அல்ல. கொஞ்சம் கணக்கு, நிறையப் பொறுமை!

மாமியார் வீட்டுப் பிரச்னை

உலக அளவில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை 1967-ல் தொடங்கியது. இந்தியத் துணைக்கண்டத்தில் 1987-ல் ஆரம்பித்தது. 'ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு' என்று பெயர். ஏன் ஜனவரி?

காரணம், பீர்பால் சொன்ன அதே விருந்தாளி விவகாரம்தான். சைபீரியா, மத்திய ஆசியா பக்கமெல்லாம் பனி கொட்ட ஆரம்பித்ததும் வாத்துகளும் உள்ளான்களும் மூட்டை முடிச்சு இல்லாமலேயே தெற்கே கிளம்பிவிடும். அக்டோபர், நவம்பரில் பாதிப் பறவைகள் வழியில் இருக்கும். மார்ச்சில் பாதி திரும்பப் புறப்பட்டுவிடும். நடு ஜனவரிதான் அவை 'வந்தாச்சு, செட்டில் ஆயாச்சு' என்று ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் காலம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. இந்த ஏரியை இந்த மாதமும், பக்கத்து ஏரியை அடுத்த மாதமும் எண்ணினால் என்ன ஆகும்? அதே வாத்து இங்கேயும் ஓட்டுப் போடும், அங்கேயும் ஓட்டுப் போடும். கள்ள ஓட்டு! அதனால்தான் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே நாட்களில் எண்ணுகிறார்கள். 'மாமியார் வீட்டுக்குப் போயிருக்கும்' என்று பீர்பால் இன்றைக்குச் சொல்ல முடியாது. அன்றைக்கே மாமியார் வீட்டு வாசலிலும் ஒருத்தர் நோட்டோடு நிற்பார்!

நாலு வரைக்கும்தான் நம்ம கெத்து

நம் மூளை எண்ணிக்கை விஷயத்தில் எவ்வளவு சமர்த்து என்று பார்க்க ஆசைப்பட்டார் ஒரு பொருளாதார மேதை. பி.காம். படித்தவர்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கலாம்... ஸ்டான்லி ஜெவன்ஸ். கடைசிச் சொட்டு டீயின் ருசி முதல் சொட்டைவிடக் கம்மி என்கிற மாதிரி 'இறுதிநிலைப் பயன்பாடு' என்று பரீட்சையில் நம்மை வதைத்தாரே, அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்தான்.

அவர் ஒரு பெட்டிக்குள் கறுப்பு அவரை விதைகளை அள்ளி வீசுவார். பார்த்த மாத்திரத்தில் எத்தனை விழுந்தது என்று சொல்லிவிட்டு, பிறகு எண்ணிப் பார்ப்பார். இப்படி ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை... 1,027 தடவை! 1871-ல் அந்த முடிவை வெளியிட்டார். மூன்று, நான்கு விதை விழுந்தபோது ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஐந்து ஆனதும் லேசாகச் சறுக்கல் ஆரம்பம். அதற்கு மேலே போகப் போக சறுக்கலும் பெரிசாகிக்கொண்டே போனது.

ஆக, எண்ணாமல் 'பார்த்ததும் தெரியும்' என்று நாம் மார் தட்டிக்கொள்ளக்கூடியது நாலு வரைக்கும்தான். நாலுக்கே இந்தக் கதி என்றால் நாற்பதாயிரத்துக்கு?

"மொதல்ல பத்தைப் பாருங்க, தம்பி!"

இதற்கு விடையைச் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரை ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வாட்சரிடம் கேட்டேன். காலேஜ் பக்கம் ஒதுங்காதவர். ஆனால், அவர் சொன்ன முறையும், சர்வதேச வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும் முறையும் அச்சு அசல் ஒன்றே.

"எல்லாத்தையும் ஒரேயடியாப் பார்த்தா தலை சுத்தும் தம்பி. மொதல்ல பத்தே பத்து எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு நெசமாவே எண்ணணும். அந்தப் பத்து எவ்ளோ எடம் அடைக்குதுன்னு கண்ணுல வாங்கிக்குங்க."

"சரிண்ணே..."

"அந்த மாதிரி அஞ்சு பத்து சேர்ந்தா அம்பது. அது எவ்ளோ அகலம்? ரெண்டு அம்பது சேர்ந்தா நூறு. அது எவ்ளோ? இப்ப அந்த நூறை ஒரு பாய் மாதிரி நெனச்சுக்குங்க. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பாயை விரிச்சுக்கிட்டே போங்க. எத்தினி பாய் விரிச்சீங்களோ, அத்தினி நூறு!"

அவ்வளவுதான் விஷயம். 23 பாய் விரித்தால் 2,300 பறவை. கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு எத்தனை இலை என்று பார்த்துவிட்டு, எத்தனை பந்தி ஓடியது என்று சமையல்காரர் கணக்குப் போடுகிறாரே, அதே கணக்கு!

ஆனால், பாய் விரிப்பதிலும் நெளிவு சுளிவு இருக்கிறது. பறவைக் கூட்டம் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும். ஓரத்தில் இருக்கிற பத்தைப் பார்த்துப் பாயைத் தைத்தால் நடுவில் கணக்கு உதைக்கும். ரொம்ப நெருக்கமும் இல்லாமல் ரொம்பக் கலைசலும் இல்லாமல் நடுத்தரமான இடத்தில் அளவு எடுக்க வேண்டும். இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை எண்ண வேண்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் மூன்றாவது முறை!

எல்லாம் கலந்து கட்டி உட்கார்ந்திருந்தால்? முதலில் மொத்தத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியது. பிறகு அங்கங்கே நூறு நூறாகப் பார்த்து, அதில் ஊசிவால் வாத்து எத்தனை, நாமக்கோழி எத்தனை என்று விகிதம் எடுக்க வேண்டியது. விகிதத்தை மொத்தத்தோடு பெருக்கினால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் வந்துவிடும்.

சாயங்காலம் கூடு திரும்பும் கொக்குக் கூட்டம் என்றால் இன்னொரு முறை. ஒரு பனைமரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷத்தில் அதை எத்தனை கொக்கு தாண்டுகிறது என்று நாலைந்து தடவை பாருங்கள். சராசரி எடுத்து, மொத்தம் எத்தனை நிமிஷம் ஊர்வலம் நடந்தது என்பதால் பெருக்குங்கள். டோல்கேட்டில் வண்டி எண்ணுகிற மாதிரிதான். வசூல் மட்டும் கிடையாது!

"இவ்ளோ பண்ணி முடிக்கிறப்போ ஒரு பருந்து வந்துச்சுன்னு வைங்க..." என்று நிறுத்தினார் வாட்சர்.

"என்ன ஆகும்?"

"மொத்தமும் ஜிவ்வுனு கெளம்பி ஒரு சுத்து சுத்திட்டு வேற எடத்துல உக்காரும். திரும்பப் பத்துலேருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

பயறுப் பரீட்சை

இந்த வித்தையைப் பழக ஏரிக்குப் போக வேண்டும் என்பதில்லை. சமையலறைக்குப் போனால் போதும். தட்டில் அரிசியை இறைத்துப் பார்த்து மதிப்புச் சொல்லி, பிறகு எண்ணிச் சரிபார்ப்பது பறவை ஆர்வலர்கள் பயிற்சிக்குச் செய்கிற பழைய வழக்கம்.

எங்கள் வீட்டில் அரிசிக்குப் பதில் பச்சைப்பயறு. ஒரு பிடி அள்ளிப் பேப்பரில் பரப்பிவிட்டு, பத்து செகண்ட் டைம் கொடுத்து மூன்று பேரிடம் கேட்டேன்.

மச்சான் தாடையைத் தடவிக்கொண்டே, "ஒரு 150 இருக்கும் மாப்ளே" என்றார்.

பையன், "ஆயிரம்ப்பா!" என்றான். அவனுக்குத் தெரிந்த பெரிய நம்பர் அது.

அம்மா பதிலே சொல்லவில்லை. டீ ஸ்பூனை எடுத்து ஒரு ஸ்பூன் பயறை அள்ளி, அதை மட்டும் எண்ணினாள். பிறகு மீதியை ஸ்பூன் ஸ்பூனாக அளந்தாள். "நானூத்திச் சொச்சம்டா. ஊறப்போடவா, இல்லே இன்னும் வெளையாடுவியா?" என்றாள்.

எண்ணிப் பார்த்தால் 412! வழிகாட்டிப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத அம்மா, வாட்சர் சொன்ன அதே பாயைத்தான் ஸ்பூனாக மாற்றியிருந்தாள்.

மச்சானையும் கேலி செய்யக் கூடாது. உலகம் முழுக்கப் பறவை எண்ணுகிறவர்களிடமும் இதே பழக்கம் உண்டு. கூட்டம் சிறிதாக இருக்கும்போது ஓரளவு சரியாகவோ கொஞ்சம் கூடவோ சொல்கிறவர்கள், கூட்டம் பெரிதாகப் பெரிதாகக் குறைத்தே சொல்கிறார்கள். 'இவ்வளவு இருக்குமா?' என்று மனசு பிரேக் போட்டுவிடுகிறது.

அரசியல் பொதுக்கூட்டம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அங்கே மேடையில் இருப்பவர் கண்ணுக்கு எப்போதும் பத்து லட்சம்தான் தெரியும்! அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகைத் துறை ஆசிரியர் 1960-களில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். அவருடைய அறை ஜன்னலுக்குக் கீழே இருந்த திடலின் தரை கட்டம் கட்டமாக இருந்தது. போராட்டத்துக்கு மாணவர்கள் கூடும்போது ஒரு கட்டத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களால் பெருக்கிவிட்டார். தளர்வான கூட்டத்தில் ஒரு ஆளுக்கு 10 சதுர அடி; நெருக்கியடித்தால் நாலரை சதுர அடி. நம்ம ஊர் மைதானங்களின் சதுர அடியை இதால் வகுத்துப் பார்த்தால் பல தலைவர்களுக்குத் தூக்கம் போய்விடும்!

ஈடுசெய் பிழை காப்பாற்றும்... பாதி வழி வரை!

சரி, இப்படி மதிப்பிட்டுச் சொல்கிற கணக்கு எவ்வளவு தூரம் நம்பகமானது?

ஹாலந்து நாட்டுக் கடலோரத்தில் வாடன் கடல் என்று ஒரு பெரிய சேற்றுப் பரப்பு. லட்சக்கணக்கில் கரைப்பறவைகள் கூடும் இடம். அங்கே எடுத்த கணக்குகளைத் தோண்டித் துருவிப் பார்த்து 1985-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு தனிக் கூட்டத்தை ஒருவர் மதிப்பிடும்போது ஏற்படக்கூடிய பிழையின் அளவு சுமார் 37 சதவீதம் என்றது அது.

"அட, இதுக்கா விடியக்காலம் எழுந்து போனாங்க?" என்று நீங்கள் பேப்பரை மடிப்பதற்குள் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள். அதே ஆய்வு, மொத்த வாடன் கடலுக்கும் கூட்டிப் போட்டால் பெரும்பாலான இனங்களுக்குப் பிழை 5 முதல் 10 சதவீதம்தான் என்றும் சொன்னது.

அது எப்படி? தனித்தனியாக 37, கூட்டினால் 10-க்குள்ளா?

அக்கவுன்டன்ஸி படித்தவர்களுக்கு இந்த இடத்தில் காது விடைக்கும். ஈடுசெய் பிழை! இந்தக் கணக்கில் நூறு ரூபாய் கூடுதலாகவும், அந்தக் கணக்கில் நூறு ரூபாய் குறைவாகவும் எழுதிவிட்டால் இருப்பாய்வு ஒன்றுமே தெரியாத மாதிரி டாலியாகிவிடும். பரீட்சையில் அது வில்லன். பறவைக் கணக்கில் அதுவே ஹீரோ! ஒரு கூட்டத்தைக் கூட்டிச் சொன்னால் இன்னொன்றைக் குறைத்துச் சொல்கிறோம். நூறு கூட்டத்தைச் சேர்க்கும்போது கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

ஆனால், இந்த ஹீரோவும் பாதி வழி வரைதான் வருவார். எல்லோரும் ஒரே பக்கமாகவே சாய்ந்தால், அதாவது எல்லாப் பெரிய கூட்டத்தையும் எல்லோரும் குறைத்தே சொன்னால், ஈடுகட்ட ஆள் கிடையாது. அதனால்தான் பயறுப் பரீட்சை முக்கியம். நம் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் நிற்கும் அந்த ஒன்பது

ஒடிசாவில் சிலிகா ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயரே தவிர, அது கடலோடு கைகோத்த காயல். 1981-லேயே ராம்சார் பட்டியலில் ஏறிய இடம். 2024 ஜனவரியில் அங்கே எடுத்த கணக்கு: 11,37,759 பறவைகள்.

பதினொரு லட்சம் சரி... முப்பத்தேழாயிரமும் சரி... அதென்ன சார் கடைசியில் 759? பீர்பால் வேலையா?

இல்லை. இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பெரிய வாத்துக் கூட்டங்களை ஆயிரம் ஆயிரமாக மதிப்பிடுகிறார்கள். ஆனால், ஓரமாக நிற்கிற ஏழு நாரையையும், கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற ரெண்டு ஆலாவையும் ஒன்று, இரண்டு என்று எண்ணியே எழுதுகிறார்கள். மதிப்பிட்டதையும் எண்ணியதையும் கூட்டினால் கடைசியில் இப்படி ஒற்றை இலக்கம் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். வால் துல்லியமாக இருக்கிறது என்பதற்காக உடம்பும் அதே அளவு துல்லியம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 'பதினொன்றரை லட்சத்துக்குக் கிட்டத்தட்ட' என்று மனசுக்குள் வாசித்துக்கொள்வது உத்தமம்.

கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் இறுதிச் சரக்கிருப்பைப் பைசா சுத்தமாகப் போடுவார்கள் இல்லையா? கோடவுனில் எலி தின்றது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அப்படித்தான். அதிலும் இந்தச் சரக்கு பறக்கிற சரக்கு!

பிளாஸ்டிக் வாத்துப் போட்டி

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? டிரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தா ஆச்சே" என்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் சிலருக்கு அதே யோசனை வந்தது.

ஆனால், டிரோன் ஜெயித்ததா, மனுஷன் ஜெயித்தானா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் சரியான விடை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே? நிஜப் பறவைக் கூட்டத்துக்கு யாருக்கும் விடை தெரியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? குளியல் தொட்டியில் குழந்தைகள் மிதக்கவிடுமே, அந்த மாதிரி பிளாஸ்டிக் வாத்துகளை வாங்கி, அடிலெய்ட் பக்கம் ஒரு கடற்கரையில் கூட்டம் கூட்டமாகப் பரப்பி வைத்தார்கள். எத்தனை வைத்தோம் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரு பக்கம் அனுபவசாலிகள் பைனாகுலரோடு எண்ண, மறுபக்கம் டிரோன் மேலிருந்து படம் எடுத்தது.

2018-ல் வெளியான முடிவு: டிரோன் படத்தை வைத்து எண்ணியது, தரையில் நின்று எண்ணியதைவிட 43 முதல் 96 சதவீதம் வரை கூடுதல் துல்லியம்!

காரணம் எளிது. கரையில் நின்று பார்ப்பவருக்கு முன்வரிசை வாத்து பின்வரிசை வாத்தை மறைக்கும். சினிமா தியேட்டரில் முன்சீட்டுக்காரர் தலை மறைக்கிற மாதிரி. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் தெரியும்.

ஆனால், பிளாஸ்டிக் வாத்துக்கு ஒரு நல்ல குணம், அது பயந்து பறக்காது. நிஜ வாத்துக்கு டிரோனும் பருந்தும் ஒன்றுதான் என்று தோன்றிவிட்டால் முடிந்தது கதை. நாணல், கோரைக்குள் புகுந்து நிற்கிற கோழிகளும் மேலே இருந்து தெரியாது. அதனால், எங்கள் வாட்சர் அண்ணனின் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.

223 கோடி புறா எங்கே போச்சு?

இதெல்லாம் கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால், எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சோகக் கதை உண்டு. அது நீர்ப்பறவைக் கதை அல்ல. புறாக் கதை.

சுமார் 1810. அமெரிக்காவில் கென்டக்கி பக்கம் அலெக்ஸாண்டர் வில்சன் என்ற பறவையியலாளர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பயணப் புறாக்கள் போய்க்கொண்டே இருந்தன. மணிக்கணக்கில் போயின. அவர் கணக்குப் போட்டார். கூட்டத்தின் அகலம் ஒரு மைல். வேகம் நிமிஷத்துக்கு ஒரு மைல். நாலு மணி நேரம் போகிறது என்றால் நீளம் 240 மைல். ஒரு சதுர கஜத்துக்கு மூன்று புறா. பெருக்கினால்... 223 கோடியே 2 லட்சத்து 72 ஆயிரம்!

காலில் விழ வேண்டிய கணக்கு. இன்றைக்கும் அதே முறைதான். கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டாலும் நூறு கோடிக்கு மேல். 'இவ்வளவு இருக்கே, இதுக்கு என்ன குறைச்சல்?' என்று சுட்டார்கள், வலை போட்டார்கள், பீப்பாய் பீப்பாயாக ரயிலில் ஏற்றினார்கள். வருஷா வருஷம் யாரும் எண்ணவில்லை. குறைந்துகொண்டு வருவது கண்ணுக்குத் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1914 செப்டம்பர் 1-ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் 'மார்த்தா' என்ற கடைசிப் புறா செத்து விழுந்தது.

223 கோடியிலிருந்து பூஜ்யத்துக்கு ஏறக்குறைய நூறே வருஷம். அந்தக் கடைசி ஒன்றை எண்ணுவதற்கு மட்டும் எந்த முறையும் தேவைப்படவில்லை.

அந்தப் பாடம் அமெரிக்கர்களுக்குக் கொஞ்சம் உறைத்தது. கிறிஸ்துமஸ் அன்று கோஷ்டி பிரிந்து, யார் அதிகம் சுடுகிறார்கள் என்று போட்டி வைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1900-ல் ஃபிராங்க் சாப்மேன் என்பவர், 'சுட வேண்டாம், எண்ணுங்கள்' என்றார். முதல் வருஷம் சேர்ந்தது 27 பேர். இன்றும் அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது.

இருபதாயிரம் என்ற வாசற்படி

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஊர். 1971-ல் அங்கேதான் ஈரநிலங்களைக் காப்பாற்ற உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஓர் ஏரியோ சதுப்புநிலமோ உலக முக்கியத்துவம் வாய்ந்தது என்று அந்தப் பட்டியலில் ஏற ஒன்பது அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று, வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேல் நீர்ப்பறவைகள் கூட வேண்டும். இன்னொன்று, ஏதாவது ஒரு பறவை இனத்தின் மொத்தத்தில் ஒரு சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். ஓர் இனத்தில் மொத்தமே பத்தாயிரம்தான் என்றால், நூறு பறவை வந்தாலே அந்தக் குளத்துக்கு மரியாதை!

இப்போது மச்சானின் பயறுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். நிஜமாகவே 24,000 பறவை இருக்கிற ஏரியை ஒருவர் 'ஒரு பதினாறாயிரம் இருக்கும்' என்று எழுதிவிட்டால், ஏரி அந்த வாசற்படியைத் தாண்டாமல் வெளியே நிற்கும். மாற்றிக் கூட்டி எழுதினாலும் ஆபத்துதான். இருக்கிறது என்று நம்பி எல்லாரும் தூங்கிவிடுவோம். 223 கோடி மாதிரி.

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கோடியக்கரை. 1967-லேயே சரணாலயம் ஆனது. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம் ஆனது. அடுத்த இருபது வருஷத்துக்கு நம் மாநிலத்துக்கு அது ஒன்றுதான். 2022-ல்தான் வேடந்தாங்கல், கூந்தன்குளம், பள்ளிக்கரணை என்று வரிசையாகச் சேர்ந்தன. கோடியக்கரையில் பூநாரைகளும் கொசு உள்ளான்களும் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் இறங்கின. பிற்காலக் கணக்குகளில் அந்தக் கூட்டம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. பல வருஷமாக ஆட்கள் உப்பளச் சேற்றில் நின்று எண்ணியதால்தான் இந்தச் சுருக்கமே தெரிந்தது.

இங்கேதான் கணக்குப் பாடத்தின் இன்னொரு விதி கை கொடுக்கிறது. முறை மாறாமை! இந்த வருஷம் ஒரு முறையில் சரக்கு மதிப்பு, அடுத்த வருஷம் வேறொரு முறை என்று மாற்றினால் லாப நஷ்டம் தெரியாது. பறவைக்கும் அதேதான். அதே இடம், அதே மாதம், அதே வேளை, அதே முறை. மளிகைக் கடைத் தராசு நூறு கிராம் தப்பாகக் காட்டினாலும், தினம் அதே தராசில் ஏறி நின்றால் நீங்கள் இளைக்கிறீர்களா, பெருக்கிறீர்களா என்பது தெரிந்துவிடும். தினம் ஒரு தராசு மாற்றினால் ஒன்றும் தெரியாது. பறவைக் கணக்கிலும் ஒரு வருஷத்து நம்பரைவிட, இருபது வருஷத்து நம்பர்கள் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் பெரிய செய்தி.

வேடந்தாங்கல்காரர்களுக்கு இது நூறு வருஷம் முன்பே புரிந்த விஷயம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அது உரத் தண்ணீர். பறவை குறைந்தால் உரம் குறையும். வெள்ளைக்காரன் காலத்திலேயே துப்பாக்கிக்காரர்களை விரட்டி, பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

நீங்களும் வரலாம்

இதற்குப் பட்டம் வேண்டாம். பரீட்சை வேண்டாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டாலே போதும். வனத்துறை நடத்தும் கணக்கெடுப்பிலும் ஆர்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

போவதற்கு முன் மூன்று விஷயம் மட்டும். ஒன்று, ஒரு வாரம் பயறு எண்ணுங்கள். சுண்டல் உபரி லாபம். இரண்டு, கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் பத்திலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று, பக்கத்தில் நிற்பவர் சொல்லும் நம்பரைக் கேட்பதற்கு முன்னால் உங்கள் நம்பரை நோட்டில் எழுதிவிடுங்கள். கேட்ட பிறகு எழுதினால் அது உங்கள் கணக்கு அல்ல, அவர் கணக்கின் ஜெராக்ஸ்!

அக்பர் மட்டும் இன்றைக்கு இருந்தால், பீர்பாலை அனுப்பிவிட்டு எங்கள் வாட்சர் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அவர் உடனே நம்பர் சொல்ல மாட்டார். "ஜனவரி வரைக்கும் பொறுங்க மகாராசா. போன வருசத்து நோட்டையும் எடுத்தாறேன், சேர்த்துப் பார்த்துச் சொல்றேன்" என்பார்.